மூடிய அறையில் ஏரோசால் தீயணைப்பு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் மின் பேனல் அறையில் ஏரோசால் தீயணைப்பு அமைப்பைப் பொருத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. பராமரிப்புப் பொறுப்பு என்னுடையது. இதுவரை உண்மையான தீ எதற்கும் அது இயங்க வேண்டி வரவில்லை. அதனால் தீயை எப்படி அணைத்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆட்கள் அடிக்கடி உள்ளே போய் வேலை செய்யும் அறையில் இதை வைத்துக்கொண்டு பாதுகாப்பாக இருப்பது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். விற்பவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இந்த அமைப்பின் கேனிஸ்டருக்குள், அதாவது சுவரில் மாட்டும் உலோக டப்பாவுக்குள், இருப்பது வாயு அல்ல, பொட்டாசியம் நைட்ரேட் கலந்த திடப்பொருள். பற்றவைத்ததும் அது உள்ளேயே எரிந்து, குளிர்விக்கும் அடுக்கைக் கடந்து வெண்புகையாக வெளியே வரும். புகையில் உள்ள மிக நுண்ணிய பொட்டாசியம் துகள்கள் நெருப்பின் வேதித் தொடர்வினையை அறுக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு அமைப்பைப் போல ஆக்சிஜனைக் குறைத்து அணைக்கும் முறை அல்ல இது. அழுத்த சிலிண்டர், குழாய் எதுவும் வேண்டாம். எங்கள் அறையில் சிலிண்டர் வரிசைக்கு இடமில்லை என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தோம்.

'ஆக்சிஜன் குறையாது, அதனால் ஆளுக்கு ஆபத்தில்லை' என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். புகை பரவினால் கதவு எங்கே என்றே தெரியாது. கண்ணும் தொண்டையும் எரியும். கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சிறிதளவு சேர்ந்தே வரும். 2016 மார்ச்சில் பாங்காக்கில், ஒரு வங்கித் தலைமையகத்தின் அடித்தளத்தில் தீப்பாதுகாப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது இப்படிப்பட்ட அமைப்பு இயங்கிவிட்டதில் 8 பேர் இறந்தார்கள். எங்கள் அறையில் வேலை தொடங்கும் முன் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுவேன்.

அளவுக் கணக்கு எளிது. ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது அந்தத் தயாரிப்பைச் சோதித்துப் பெற்ற எண். ஏரோசால் அமைப்புகளுக்கான அமெரிக்கத் தரநிலையான என்எஃப்பிஏ 2010-இன்படி அதை 1.3 ஆல் பெருக்க வேண்டும். 40 கன மீட்டர் அறை, சோதனை அளவு 60 கிராம் என்றால் 2,400 கிராம். பெருக்கினால் 3,120 கிராம். ஃபால்ஸ் சீலிங்கின் மேலும் தரைக்கு அடியிலும் உள்ள வெற்றிடங்களை மறந்துவிடக் கூடாது. அப்புறம் ஓட்டைகள். புகை குறைந்தது 10 நிமிடமாவது அறைக்குள் தங்க வேண்டும் என்பதால், புகை வெளிவரும் முன்பே ஏசியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் நின்று, காற்றுக் குழாயை அடைக்கும் டேம்பர் மூடிக்கொள்ள வேண்டும். பொருத்திய நாளில் எல்லாம் அடைத்துதான் இருக்கும். பிறகு யாராவது புது கேபிள் இழுத்துத் துளையைத் திறந்தபடி விட்டுப் போவார்கள். நான் அதிகம் துரத்திப் பிடிக்கும் குறை இதுதான்.

கேனிஸ்டரின் வாயிலிருந்து வருவது சூடான புகை. எத்தனை தூரத்தில் வெப்பம் 75, 200, 400 டிகிரி செல்சியஸாக இறங்குகிறது என்று தயாரிப்பாளர் கொடுத்திருப்பார். முதலாவது ஆட்களுக்கு விட வேண்டிய தூரம், அடுத்தது எரியக்கூடிய பொருளுக்கு, கடைசி கட்டட அமைப்புக்கு. எங்களுக்குப் பொருத்த வந்தவர்கள் ஒரு கேனிஸ்டரைக் கேபிள் ட்ரேயைப் பார்த்தபடி மாட்டிவிட்டார்கள். 'சும்மா சில நொடிதானே' என்றார்கள். கழற்றி மாற்றும்வரை நான் கையெழுத்துப் போடவில்லை. வாய் கதவை நோக்கியும் இருக்கக் கூடாது. ஆள் ஓடிவரும் வழி அது.

கேனிஸ்டரைப் பற்றவைக்கும் இக்னைட்டரின் வயரை இணைப்பது கடைசி வேலை. அதுவரை அதன் இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். சோதிக்கும்போது இக்னைட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறிய பல்பை மாட்டி, அது எரிகிறதா என்று பாருங்கள். இணைத்த பிறகு அந்த வயரில் மெக்கர் (உயர் மின்னழுத்தம் கொடுத்துக் காப்பைச் சோதிக்கும் கருவி) வைக்கவே கூடாது.

எங்கள் தீயணைப்புக் கட்டுப்பாட்டு பேனல், இரண்டு தனித்தனி டிடெக்டர் வரிசைகளும் புகையைக் கண்டால்தான் புகைவெளியீட்டுக்குப் போகும். முதலில் ஹூட்டர் அடித்து விளக்கு மின்னும். 30 நொடி கழித்துத்தான் கேனிஸ்டர் இயங்கும். தூசி படிந்து ஒரு வரிசை மட்டும் அலாரம் கொடுத்தது பலமுறை நடந்திருக்கிறது. இரண்டாவது வரிசை அமைதியாக இருந்ததால் எதுவும் ஆகவில்லை. ஒற்றை டிடெக்டரை நம்பும் அமைப்பு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இதையெல்லாம்விட நான் பெரிதாக மதிப்பது ஐசோலேட்டர் சாவியை. கட்டுப்பாட்டு பேனலை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றுவது போதாது. அது மென்பொருள் சொல்லும் சொல். சாவி இக்னைட்டர் சுற்றையே துண்டித்துவிடும். வெல்டிங், துளையிடுதல், டிடெக்டர் சுத்தம் எதுவானாலும், உள்ளே போகிறவர் சாவியைத் திருப்பி, எடுத்துத் தன் பையில் வைத்துக்கொள்கிறார். வேலை முடிந்து எல்லோரும் வெளியே வந்த பிறகு அவரே திருப்பிப் போடுகிறார். திருப்பிப் போட மறந்தால் அறைக்குப் பாதுகாப்பே இல்லை என்பதால், துண்டித்திருக்கும் நேரம் முழுவதும் காவலர் அறையில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும்படி செய்திருக்கிறோம். வெப்பத்தால் தானாக இயங்கும் கேனிஸ்டர்களுக்கு இந்தச் சாவி வசதி கிடையாது. ஆளே நுழைய முடியாத பேனல் பெட்டிக்குள் அவை சரி. ஆள் நிற்கும் அறையில் நான் வைக்க மாட்டேன்.

இயங்கிவிட்டால் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது. சுவாசக் கருவியோடு வரும் தீயணைப்பு வீரர்கள்தான் முதலில் நுழைய வேண்டும். படியும் தூள் காரத்தன்மை உள்ளது, ஈரத்தை இழுக்கும். சர்க்யூட் போர்டில் தங்கினால் அரிக்கும்; உடனே வேக்யூம் செய்தாக வேண்டும். அதனால் சர்வர் அறைக்கு யாராவது கேட்டால் வாயு அமைப்பைத்தான் சொல்வேன். லித்தியம் அயான் பேட்டரி அறைக்கு இதை மட்டும் நம்பவே வேண்டாம்: சுடர் அணையும், செல்லுக்குள் வெப்பம் ஏறுவது நிற்காது. எரியும் வாயு அறையில் சேர்ந்து வெடிக்கலாம்.

பராமரிப்புச் செலவு குறைவுதான். எடை பார்க்க வேண்டாம், சிலிண்டர் அழுத்தச் சோதனை கிடையாது. காத்திருப்பு பேட்டரி, இக்னைட்டர் சுற்று, தாங்கியில் துரு, லேபிளில் உள்ள காலாவதித் தேதி, இவ்வளவுதான் பார்க்கிறோம். காலாவதியான கேனிஸ்டரைப் பழைய இரும்போடு போட்டுவிடக் கூடாது; உள்ளே இன்னும் எரியக்கூடிய மருந்து இருக்கிறது. தயாரிப்பாளரே திரும்ப எடுத்துக்கொள்வார் என்பதை வாங்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.