கல்மண்டபம் மாடி லேப்: மெஷின் எண்ணிய பிறகும் கண்ணால் பார்க்கிறார்கள்

காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர்களுக்கு முள் குத்துவது தினப்படி நடப்பதுதான். முப்பது வருஷமாக அரிவாள்மனை முன்னால் உட்காரும் என் அம்மா அதையெல்லாம் கண்டுகொள்ளவே மாட்டார். ஆனால் போன மாதம் குத்தியது கெளுத்தி முள். அந்த மீனுக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள். ரம்பம் மாதிரி பல் இருக்கும், விஷமும் உண்டு. மூன்றையும் ஒடித்துப் போட்ட பிறகுதான் மற்ற வேலை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அவசரத்தில் கட்டைவிரல் அடியில் இறங்கிவிட்டது. வழக்கம்போலப் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தார், வலி அடங்கியது. மூன்றாம் நாள் மணிக்கட்டு வரை வீக்கம், காய்ச்சல் 102.

டாக்டர் விரலைக் கீறி, அரிசி அளவு முள்துண்டு ஒன்றை எடுத்தார். டி.டி. ஊசி போட்டு, ஆன்டிபயாடிக் எழுதி, சிபிசி (ரத்த அணுக்களின் கணக்கு), சிஆர்பி (கிருமித் தொற்றில் ஏறுகிற ஒரு புரதம்), சுகர் மூன்றும் பார்த்துவிட்டு வரச் சொன்னார். வழியில் இரண்டு லேப் இருந்தும் நான் ஆட்டோவைக் கல்மண்டபத்துக்கு விடச் சொன்னேன். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற சின்ன லேப் அது.

அதற்குக் காரணம் போன நவம்பரில் நடந்தது. மழை விட்ட வாரம், என் மகளுக்கு மூன்று நாள் காய்ச்சல். வேறொரு லேபில் எடுத்த ரிப்போர்ட்டில், ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்கள் 38,000தான் என்று வந்தது. டெங்கு என்றே முடிவு கட்டி, அன்று இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. விடிந்ததும் பக்கத்து வீட்டு அண்ணி சொல்லி இந்த மாடிக்கு வந்தோம். இங்கே இருக்கும் அக்கா பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "குழந்தை நல்லா உட்கார்ந்திருக்கா, உடம்புல ஒரு புள்ளிகூட இல்ல. மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்றார். ரத்தம் எடுத்த கையோடு, ஊதா மூடி ட்யூபை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினார், பத்து முறை. அதைச் செய்யாவிட்டால் ரத்தம் உறையாமல் காக்கிற மருந்து சரியாகக் கலக்காதாம். பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகிவிடும். மெஷின் அளவை வைத்து எண்ணுகிறது, கட்டியாகிவிட்டால் அதைப் பிளேட்லெட் கணக்கில் சேர்க்காது. புது ரத்தத்தில் 1,90,000 வந்தது. ஸ்லைடிலும் பார்த்து உறுதி செய்தார்.

அன்றைக்கே டெங்குவுக்கும் பார்த்தார், இல்லை என்று வந்தது. மூன்றாம் நாளில் என்.எஸ்.1 பார்ப்பதுதான் சரி, ஏனென்றால் அது வைரஸே ரத்தத்தில் விடுகிற புரதம் என்று விளக்கினார். ஐஜிஎம் ஆன்டிபாடி, கிருமியை எதிர்க்க நம் உடம்பே செய்கிற புரதம். புதிதாக வந்த கிருமியை அடையாளம் கண்டு, அதற்குப் பொருந்துகிற லிம்போசைட் என்ற வெள்ளை அணுவைப் பெருக்கி, ஆன்டிபாடி வெளியே விட ஐந்து நாளாவது ஆகும். காய்ச்சல் வந்த மறுநாளே ஐஜிஎம் பார்த்து 'டெங்கு இல்லை' என்று வீட்டுக்குப் போகிறவர்களை நினைத்தால் தனக்குப் பயமாக இருக்கிறது என்றார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

சரி, அம்மாவின் கைக்கு வருகிறேன். "இன்னாமா, முள்ளு குத்துனதுக்குப் போய் ரத்தமா?" என்று கேட்டுக்கொண்டேதான் கையை நீட்டினார். மெஷின் ஐந்து நிமிஷத்தில் கணக்குக் கொடுத்துவிட்டது: வெள்ளை அணுக்கள் 17,200. சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரைதான் இருக்க வேண்டும். மற்ற இடமாக இருந்தால் அதை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். இங்கே அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பிக்கிறது.

ஸ்லைடின் ஒரு ஓரத்தில் ஒரு துளி ரத்தம். இன்னொரு ஸ்லைடின் விளிம்பைச் சாய்த்துத் துளியில் தொட்டு, ஒரே இழுப்பு. நாக்கு வடிவில் மெல்லிய படலம் விழுந்தது. காய்ந்ததும் லீஷ்மன் சாயம் ஊற்றி, கொஞ்ச நேரம் கழித்து அதன் மேலேயே பஃபர் தண்ணீர் விட்டு ஊற வைத்து, குழாயில் அலசி நிறுத்தி வைத்தார். பிறகு ஒரு சொட்டு எண்ணெய், ஆயிரம் மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ். இடது கை, கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த ஒரு எண்ணும் கருவி மேல். ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு 'டக்'. நூறு வந்ததும் மணி அடித்தது. அதில் 87 நியூட்ரோபில், கிருமியை விழுங்குகிற வெள்ளை அணு வகை.

"பார்க்கறீங்களாம்மா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். நானும் பார்த்தேன். வெளிர் ரோஜா நிறத்தில் சிவப்பணுக்கள் பரந்து கிடக்க, நடுவே ஊதா மையம் வைத்த உருண்டைகள். ஒவ்வொன்றின் மையமும் மூன்று நான்கு துண்டாக, மெல்லிய இழையால் கோத்த மாதிரி இருந்தது. அதுதான் நியூட்ரோபில். சிலவற்றில் துண்டே இல்லை, லாடம் மாதிரி வளைந்திருந்தது. அவை இன்னும் முதிராதவை. தேவை அதிகமானதால் எலும்பு மஜ்ஜை அரைகுறையாக விளைந்ததையும் அனுப்பிவிட்டது என்று அர்த்தம். சும்மா இருக்கிற நாளிலேயே ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அளவில் மஜ்ஜை நியூட்ரோபில்களை உண்டாக்குகிறதாம்.

விரலில் என்ன நடக்கிறது என்று அக்கா சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். முள் இறங்கிய இடத்தில் ஏற்கெனவே காவலுக்கு இருக்கும் செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருட்களை விடுகின்றன. பக்கத்து ரத்தக் குழாய் விரிந்து கசிய ஆரம்பிக்கிறது. சிவப்பும் சூடும் வீக்கமும் அதனால்தான். அந்தக் குழாயின் உட்சுவரில் நியூட்ரோபில்கள் உருண்டு, ஒட்டி, செல்களின் இடுக்கு வழியே நுழைந்து வெளியே வருகின்றன. கிருமியை விழுங்கி உள்ளேயே கொல்கின்றன. முடியாதபோது சில தன் மையத்தில் இருக்கும் டிஎன்ஏ-வையே பிரித்து வலையாக வெளியே விரிக்கின்றன, கிருமி அதில் சிக்கிக்கொள்கிறது. இதை 2004-இல்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். வலை விரித்த அணு பெரும்பாலும் செத்துவிடும். விரலில் வந்த சீழில் பெரும்பகுதி செத்த நியூட்ரோபில்கள்தான்.

"வலையா?" என்று அம்மா திரும்பக் கேட்டார். என் தாத்தா விசைப்படகுக்கு முந்தைய காலத்துக் கட்டுமரக்காரர். அம்மா மறுபடி குனிந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முள் குத்திய கதை இதில் இன்னொன்றும் உண்டு. 1882-இல் மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, இத்தாலியில் மெஸ்ஸினா கடற்கரையில், கண்ணாடி போலிருக்கும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் கூடியிருந்தன. கிருமியை விழுங்கும் செல்கள் என்ற எண்ணம் அதிலிருந்துதான் வளர்ந்தது. 1908-இல் நோபல் பரிசு, கிருமியை எதிர்ப்பதில் ஆன்டிபாடிதான் முக்கியம் என்று வாதாடிய எர்லிக் என்ற விஞ்ஞானியுடன் சேர்த்து.

மற்ற ரிசல்ட்: சிஆர்பி 48, இவர்கள் ரிப்போர்ட்டில் 6-க்குள் இருக்க வேண்டும். கல்லீரல் செய்கிற இந்தப் புரதம் கிருமி மேல் ஒட்டி, 'இதைத் தின்னு' என்று விழுங்கும் செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும். சுகர் 268. இதுதான் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. சர்க்கரை ஏறிய ரத்தத்தில் நியூட்ரோபில் எண்ணிக்கை இருந்தும் வேகம் இருக்காது, விழுங்குவதும் கொல்வதும் மந்தமாகிவிடும் என்று அம்மா முகத்தைப் பார்த்தே சொன்னார். அம்மா இரண்டு மாதமாக மாத்திரையை விட்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. நான் எத்தனையோ தடவை சொல்லிக் கேட்காதவர், அந்த வாரமே மறுபடி ஆரம்பித்தார். ஐந்தாம் நாள் திரும்பப் பார்த்தபோது வெள்ளை அணு 9,200, லாட வடிவம் ஒன்றுகூட இல்லை.

குறைகளும் உண்டு. ஸ்லைடு பார்க்க அக்கா ஒருவர்தான், அதனால் முக்கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். உட்கார இருப்பது ஒரே பெஞ்ச். சீழைக் கல்ச்சர் செய்ய வெளியே அனுப்புகிறார்கள், மூன்று நாள் ஆகிறது. வாட்ஸ்அப்பில் வருகிற ரிப்போர்ட் மங்கல், கையில் பேப்பராக வாங்கிக்கொள்ளுங்கள். சிபிசி 300 ரூபாய், அதிலேயே ஸ்லைடு பார்ப்பதும் அடக்கம். அந்த விலைக்கு இந்த உழைப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். ஏற முடியாதவர்கள் கீழே ஜெராக்ஸ் கடையில் சொன்னால் போதும், அக்காவே இறங்கி வந்து அங்கேயே நாற்காலி போட்டு ரத்தம் எடுப்பார். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள்.