தொடர் மேய்ச்சலா, சுழற்சி மேய்ச்சலா?

மாடு நிலம் முழுவதையும் ஒரே சீராக மேயாது. மேய்ந்த இடத்தில் துளிர்க்கும் இளம்புல்லைத் தேடித் திரும்பத் திரும்ப அங்கேயே வரும். நாலடி தள்ளி முற்றிய புல் சீண்டுவாரற்று நிற்கும். பருவம் முழுக்க மாட்டை ஒரே நிலத்தில் விட்டுவைக்கும் தொடர் மேய்ச்சலின் குறை இதுதான். மொத்தக் கணக்கில் புல் மிஞ்சியிருந்தாலும், சில திட்டுகளில் மட்டும் வேர் இளைத்துப் புல் செத்துப்போகும். நிலத்தை அடைப்புகளாகப் பிரித்து, மந்தையை ஒன்றில் விட்டு மற்றவற்றை ஆறப்போடும் சுழற்சி முறை இதற்கு மருந்தாகத்தான் வந்தது.

மருந்து எல்லா நிலத்திலும் வேலை செய்யவில்லை. அமெரிக்காவின் கொலராடோவில், மழை குறைந்த குட்டைப்புல் சமவெளியில், 2014இல் ஒரு சோதனை தொடங்கியது. தலா 130 ஹெக்டேர் கொண்ட 10 அடைப்புகளில் ஒரே பெரிய மந்தை சுழன்றது. இன்னொரு 10 அடைப்புகளில் அதே எண்ணிக்கை மாடுகள் பிரிந்து, மேய்ச்சல் பருவம் முழுக்க இடம் மாறாமல் மேய்ந்தன. சுழன்ற மந்தையின் எடைக்கூடுதல் 12 முதல் 16 சதவீதம் குறைவு. காரணம் நெரிசல். நல்ல இலையாகப் பொறுக்கித் தின்ன வழியில்லாமல், புரதம் குறைந்த முற்றிய புல்லையும் சேர்த்து மேய வேண்டியதாயிற்று.

புல்லை விதைத்து வளர்த்த, ஈரம் நிற்கும் நிலத்தில் கதை வேறு. அங்கே புல் 25, 30 நாளில் தேறிவிடும். ஓய்வு நாட்களை ஓர் அடைப்பில் மேயும் நாட்களால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் அடைப்பு எண்ணிக்கை வரும்: 30 நாள் ஓய்வு, 3 நாள் மேய்ச்சல் என்றால் 11. மூன்று நாளைத் தாண்டவிட்டால் புதுத்துளிரையும் மாடு கடித்துவிடும்; ஓய்வு கொடுத்ததே வீண். வறண்ட நிலத்தில் புல் தேற 90 நாள் ஆகும் என்று வைத்தால், இதே கணக்கு 31 அடைப்புகள் கேட்கும். அத்தனைக்கும் வேலியும் தண்ணீர்த் தொட்டியும் போட்டுக் கட்டுப்படியாகாது. தேதி பார்த்து மந்தையை மாற்றுவதும் தவறு; மழை பிந்தினால் புல் தேறாத அடைப்புக்குள் மாடு நுழையும். புல்லின் உயரத்தைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

எந்த முறையானாலும், முதலில் சரியாக இருக்க வேண்டியது மாடுகளின் எண்ணிக்கை. 50 செ.மீ. சதுரச் சட்டத்தைப் பல இடங்களில் வைத்து, உள்ளிருக்கும் புல்லை அறுத்து, காயவைத்து எடை போடுங்கள். சராசரி கிராமை 40ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று தெரியும். 30 கிராம் வந்தால் 1,200 கிலோ. அதில் கால் பங்கு, 300 கிலோ மட்டுமே மாட்டுக்கு. மீதி மிதிபடும், மட்கும், வேரைக் காக்கும். 450 கிலோ மாடு நாளொன்றுக்குச் சுமார் 11 கிலோ உலர்புல் தின்னும். 100 ஹெக்டேர், 180 நாள் என்றால் 15 மாடுகள். இருபதை விட்டால் எந்தச் சுழற்சியும் அந்த நிலத்தைக் காப்பாற்றாது.

இந்தக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. தண்ணீரிலிருந்து 1.6 கி.மீ.க்கு அப்பால் உள்ள நிலத்தைப் பாதியாகவே எண்ண வேண்டும், 3.2 கி.மீ. தாண்டியதைச் சேர்க்கவே கூடாது, மாடு அங்கே போகாது. அதனால் வறண்ட பரப்பில் வேலிக்கு ஒதுக்கிய பணத்தைத் தூரத்துத் தொட்டிக்குப் போடுவதே மேல். உப்புக்கட்டியையும் தொட்டியடியில் வைக்காமல், மேயாத பக்கமாகத் தள்ளி வையுங்கள். முற்றிய புல் நிற்கும் இடத்துக்கு மாடு தானாக நகரும்.