லோயர் வேண்டாம் என்று சொல்லிப் புரொபேட் எடுத்துத்தருபவர்கள்: மூல மரணசாசனத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பம். தகப்பன் நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய மரணசாசனம், ஒரு வீடு, இரண்டு வங்கிக் கணக்கு. பிள்ளைகளில் ஒருவர் கனடாவில். மரணசாசனம் செல்லும் என்று நீதிமன்றம் தரும் ஆணைதான் புரொபேட். அதற்குச் சட்டத்தரணி இல்லாமலே வழக்குப் போடலாம் என்று கேள்விப்பட்டு, கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் மனு தட்டச்சு செய்து கொடுக்கும் ஒருவரைப் பிடித்தார்கள். கோர்ட் வாசலுக்கே வரத் தேவையில்லை, எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாக அவர் சொன்னார். மூல மரணசாசனம், வீட்டு உறுதி, கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுத்தாள்கள் எல்லாம் அவர் கைக்குப் போயின. பத்திரிகை அறிவித்தலுக்கு, முத்திரைக்கு, மரண வரிக்கு என்று காசும் தவணை தவணையாகப் போனது, ஒன்றுக்கும் பற்றுச்சீட்டு இல்லை. கேட்டபோதெல்லாம் ஒரு வழக்கு இலக்கத்தைச் சொன்னார். கடைசியில் நீதிமன்றப் பதிவகத்தில் விசாரித்தால், அந்த இலக்கத்தில் இருந்தது வேறொருவரின் வழக்கு. ஆளின் போன் இப்போது வேலை செய்வதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். சட்டத்தரணி இல்லாமல் வழக்குப் போடலாம் என்பது பொய்யல்ல. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 24ஆம் பிரிவு, வழக்காளி தானே நேரில் தோன்றவும் மனுக்கொடுக்கவும் இடம் தருகிறது. ஆனால் சட்டத்தரணி அல்லாத ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு உங்களுக்காக ஆஜராக முடியாது. சட்டத்தரணியும் இல்லை, நீங்களும் வரவேண்டாம் என்று ஒருவர் சேர்த்துச் சொன்னால், அங்கே வழக்கே நடக்காது என்றுதான் அர்த்தம்.

அடுத்தது மொழி. தமிழ்க் குடும்பங்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். கொழும்பு நீதிமன்றங்களில் வேலை சிங்களத்தில் நடப்பதால், எங்களுக்கு விளங்காத மனுவில் கையெழுத்து வாங்குவது மிகச் சுலபம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி, கொழும்பிலும் வழக்கைத் தமிழில் தொடங்கலாம், தமிழில் மனுக்கொடுக்கலாம், மொழிபெயர்ப்பு வசதியும் கேட்கலாம். சிங்களத்தில் போடுவது விரைவாக இருக்கும் என்று நீங்களே முடிவு செய்தால் சரி. அப்படியானாலும் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு வரிக்கு வரி வாசித்துக் கேட்ட பிறகே கையெழுத்து வையுங்கள். சத்தியக்கடதாசியில் (உண்மை என்று சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம்) சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையில், அந்த நேரத்தில்தான் கையெழுத்திட வேண்டும். வெற்றுத்தாளில் முன்கூட்டியே வாங்கிய கையெழுத்தை வைத்து, அதை வாங்கியவர் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். காணி எழுதிக் கொடுத்ததாகக்கூட எழுதலாம்.

ஒழுங்காக நடந்தால் வழக்கு இப்படிப் போகும். இறந்தவர் கடைசியாக வசித்த இடம் எந்த மாவட்ட நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ, அங்கே மனு. கொழும்பு முகவரி என்றால் எல்லாமே புதுக்கடைதான் என்று நினைக்கக்கூடாது. தெஹிவளைக்காரருக்குக் கல்கிசை. மனுவோடு மூல மரணசாசனம், மரணச் சான்றிதழ், ஆதனங்களின் விபரமும் மதிப்பும், வாரிசுகள் எல்லோருடைய பெயரும் முகவரியும், சாசனம் உண்மையில் எழுதிக் கையெழுத்திடப்பட்டது என்பதற்கு நொத்தாரிசின் அல்லது சாட்சிகளின் சத்தியக்கடதாசி. நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய சாசனத்துக்கு இரண்டு சாட்சிகள் போதும். நொத்தாரிசு இல்லாமல் எழுதியதற்கு ஐந்து சாட்சிகள் கட்டாயம். இதை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம் சொல்கிறது. இரண்டு பேர் மட்டும் கையெழுத்திட்ட வீட்டுக் காகிதத்தைக் கொண்டு புரொபேட் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

மனு ஏற்கப்பட்ட பிறகு அறிவித்தல் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வரவேண்டும். அதை வெளியிடுவிப்பது நீதிமன்றப் பதிவாளர், செலவைக் கட்டுவது மனுதாரர். கட்டியதற்கு அத்தாட்சி இருக்கும், அதன் பிரதியைக் கேளுங்கள். முதல் அறிவித்தல் வெளிவந்ததிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதம் ஆட்சேபத்துக்கு விடப்படும். ஆகவே ஒரு மாதத்தில் புரொபேட் கையில் என்று யார் சொன்னாலும் அது நடக்காது. மரண வரி என்று கேட்டால் அதுவும் பொய்: அந்த வரி 1980களிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

இன்னொரு வலையும் இருக்கிறது. ஆதனத்தின் பெறுமதி 40 இலட்சம் ரூபாவோ அதற்கு மேலோ இருந்தால்தான் புரொபேட்டோ, சாசனம் இல்லாதபோது எடுக்கும் நிர்வாகக் கடிதமோ கட்டாயம். உடனே, மதிப்பைக் குறைத்துப் போடுவோம், வழக்கே வேண்டாம் என்கிறார்கள். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு சின்ன பிளட் இருந்தாலே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். குறைத்துக் காட்டி உறுதி எழுதினால், பிறகு வாங்க வருபவரின் சட்டத்தரணி உரிமையைத் தேடிப் பார்க்கும்போது விற்பனை நின்றுவிடும். புரொபேட் எடுக்காமல் கைமாற்றுவது குற்றமாகவும் ஆகலாம். வங்கிக் காசு மட்டும்தான் பிரச்சினை என்றால், கணக்கிலுள்ள காசைப் பெற யாராவது நியமிக்கப்பட்டிருக்கிறாரா என்று வங்கியில் முதலில் கேளுங்கள். இருந்தால் அந்தக் காசுக்கு வழக்கே தேவைப்படாது.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசின் சம்மதத்தை இங்கேயே போட்டுக்கொள்வோம் என்பதுதான் மிகவும் பயப்பட வேண்டியது. அது கள்ளக் கையெழுத்து. கொடுத்த புரொபேட்டை மீளப்பெறும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. வருடங்கள் கழித்து அண்ணன் தம்பி மனக்கசப்பில் ஒருவர் அந்தக் கையெழுத்தைக் காட்டினால், வீட்டை நம்பி வாங்கியவர் வரை எல்லோரும் கோர்ட் படி ஏறவேண்டி வரும். டொரொண்டோவிலோ லண்டனிலோ இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தில் கையெழுத்திட்டு அனுப்பட்டும், தாமதமானாலும் பரவாயில்லை. சம்மதிக்காதவரை எதிர்மனுதாரராகப் பெயரிட்டு அறிவித்தல் அனுப்பலாம், வழக்கு அதற்காக நிற்காது.

மூலச் சாசனம் உங்கள் கையிலிருந்து நேரே பதிவகத்துக்குத்தான் போகவேண்டும். கொடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, நொத்தாரிசின் பெயரையும் சாசன இலக்கத்தையும் திகதியையும் குறித்துவையுங்கள். வழக்கு இலக்கத்தைக் கொண்டு நீங்களே பதிவகத்தில் கோப்பைப் பார்க்கக் கேளுங்கள். புரொபேட் கிடைத்த பிறகும், வீட்டை வாரிசுகள் பெயருக்கு மாற்றும் உறுதியை நொத்தாரிசுதான் எழுத முடியும். ஆகவே அந்தச் செலவை முதலிலேயே ஒதுக்கிவையுங்கள். கட்டணம்தான் கவலை என்றால், புதுக்கடையிலேயே இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவில் உங்கள் வருமானத்தைச் சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே மூன்று வேலை. ஏமாற்றுதலுக்கும் நம்பிக்கை மோசடிக்கும் பொலிஸ் முறைப்பாடு: புதுக்கடையில் நடந்திருந்தால் வாழைத்தோட்டம் பொலிஸ் நிலையம். கொடுத்த தாள்களின் பட்டியலையும், காசு போட்ட வங்கி ரசீதுகளையும், வட்ஸ்அப் செய்திகளையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திட்டதை முறைப்பாட்டில் சொல்லத் தவறாதீர்கள். அடுத்து, காணிப் பதிவகத்தில் உங்கள் வீட்டின் பதிவேட்டைப் பார்த்து, புதிதாக ஏதாவது ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். மூன்றாவது, சாசனம் எழுதிய நொத்தாரிசைத் தேடிப்பிடியுங்கள். அவரிடம் ஒரு பிரதி இருக்கும். அவர் இறந்திருந்தால் அவருடைய ஆவணத் தொகுப்பு காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். மூலம் திரும்ப வராவிட்டால், அந்தப் பிரதியையும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் வைத்துத்தான் நீதிமன்றத்தில் பேசவேண்டியிருக்கும். அந்தக் கட்டத்தில் தனியாகப் போகாதீர்கள், கட்டாயம் ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள். சாசனம் இறந்தவர் கையிலேயே இருந்து காணாமல் போனதா, வேறொருவர் கொண்டுபோனதா என்பதை நீதிமன்றம் வேறுவேறாகப் பார்க்கும். முதலாவது என்றால், அவரே அதை அழித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.