வயிற்று டயாலிசிஸ்: விலை கூடிய திரவத்துக்கு மாறினால் தொற்று குறையுமா?

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் வயிற்றுக்குள் குழாய் வழியாகத் திரவம் ஏற்றி, கழிவோடு வடித்தெடுப்பது வயிற்று வழி டயாலிசிஸ். இதைச் செய்துகொள்பவர்களுக்குப் பெரிய பயம் பெரிடோனைட்டிஸ், அதாவது வயிற்று உட்சவ்வில் வரும் கிருமித் தொற்று. திரும்பத் திரும்ப வந்தால் சவ்வு கெட்டுப்போய், இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸுக்கு மாற வேண்டிவரும். அதனால் திரவத்தை மாற்றிப் பார்க்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். என் கருத்து: தொற்றை மட்டும் மனதில் வைத்து மாற வேண்டாம். மாறுவதற்கு நல்ல காரணங்கள் வேறு இருக்கின்றன.

பெரும்பாலானோர் பயன்படுத்துவது குளுக்கோஸும் லாக்டேட்டும் கலந்த பழைய வகைப் பை. சூடாக்கிக் கிருமி நீக்கும்போது குளுக்கோஸ் கருகாமல் இருக்க, இதை பிஎச் 5.5 அளவில் அமிலமாகவே வைக்கிறார்கள். அப்படியும் கொஞ்சம் குளுக்கோஸ் சிதைந்து, சவ்வுக்கு ஆகாத பொருட்கள் உண்டாகின்றன. இந்த அமிலமும் லாக்டேட்டும் சேர்ந்து வெள்ளையணுக்களின் வேகத்தைக் குறைப்பது ஆய்வகத்தில் தெரிந்தது. புதுவகைப் பையில் இரண்டு அறைகள். குளுக்கோஸ் தனி, மற்றது தனி. ஏற்றுவதற்குச் சற்று முன் கலந்தால் திரவம் ரத்தத்தின் பிஎச் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சிதைவுப் பொருட்களும் குறைவு. உடலின் எதிர்ப்பு நன்றாக வேலை செய்யும், தொற்று குறையும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

நோயாளிகளிடம் சோதித்தபோது விடை ஒரே மாதிரி வரவில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூரில் 185 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து இரண்டு ஆண்டுகள் கவனித்த பாலன்ஸ் ஆய்வு 2012-இல் வெளியானது. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பழைய பையில் 0.49 தொற்று, புதுப் பையில் 0.30. அதாவது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்தது, மூன்று ஆண்டுக்கு மேல் தள்ளிப்போனது. சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த ஆய்வு முதன்மையாகத் தேடியது தொற்றை அல்ல, மிச்சமிருக்கும் சிறுநீரக வேலை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை.

அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் நோயாளிப் பதிவேட்டை அலசியவர்கள் நேர்மாறாகச் சொன்னார்கள்: புதுத் திரவம் பயன்படுத்தியவர்களுக்குத்தான் தொற்று அதிகம். பதிவேட்டில் குலுக்கல் கிடையாது. எந்த நோயாளிக்கு எந்தத் திரவம் என்பதை மருத்துவர்கள் தீர்மானித்திருப்பார்கள். அதனால் இதை வைத்துப் புதுத் திரவத்தைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. இவற்றுக்கு முன்பே, 2011-இல் வெளியான பிரிட்டன் குலுக்கல் ஆய்வு ஒன்றில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. குலுக்கல் ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2018 அலசலிலும் தொற்று பற்றி உறுதியான முடிவு கிடைக்கவில்லை. சிறுநீர் அளவும் மிச்சமுள்ள சிறுநீரக வேலையும் புதுத் திரவத்தில் கூடுதல் காலம் நிற்கின்றன என்பது மட்டும் தெளிவாக இருந்தது. இன்னும் சிறுநீர் போகிறவர்கள், திரவம் ஏறும்போது வயிறு வலிப்பவர்கள், கையில் பணம் இருந்தால் தயங்காமல் கேட்கலாம்.

மூன்றாவது வகைத் திரவம், ஐகோடெக்ஸ்ட்ரின். ஸ்டார்ச்சிலிருந்து வருவது, நாளுக்கு ஒருமுறை ஏற்றி, பல மணி நேரம் வயிற்றில் தங்கவிடுவது. உடலில் நீர் தேங்குபவர்களுக்கு நல்ல பலன். தொற்றில் கூடுதல் குறைவு இல்லை. 2002-இல் ஐரோப்பாவில் இதைப் பயன்படுத்திய பலருக்கு வயிற்றிலிருந்து வடித்தெடுத்த நீர் (வடிநீர்) கலங்கியது, ஆனால் சோதனையில் கிருமி வளரவில்லை. தயாரிப்பில் கலந்திருந்த பாக்டீரியாச் சுவர்த் துணுக்குதான் காரணம் என்று பிறகு தெரிந்து, அந்தத் தொகுதிகளைத் திரும்பப் பெற்றார்கள். அதற்காக இன்று வடிநீர் கலங்கினால் திரவத்தின் வேலை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே பையோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொன்று: ஐகோடெக்ஸ்ட்ரின் இருக்கும்போது சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் ஏற்றினால் ஆபத்து. எந்த மீட்டர் சரி என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொற்றைக் குறைக்க உதவுபவை வேறு: இணைத்தவுடன் குழாயை அலசிவிட்டுப் பிறகு திரவம் ஏற்றும் இரட்டைப் பை முறை (திரவப் பையும் காலி வடிப் பையும் சேர்ந்தே வரும்; மேலே சொன்ன இரண்டு அறைப் பை வேறு), குழாய் வெளிவரும் இடத்தில் தினமும் தடவும் முப்பிரோசின் களிம்பு, கை கழுவல். சர்வதேச வயிற்று டயாலிசிஸ் சங்கம் 2022-இல் வைத்த வரம்பு, நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 0.40 தொற்றுக்கு மேல் போகக் கூடாது என்பது. உங்கள் மையத்தின் எண் என்ன என்று கேளுங்கள். அது கூடுதலாக இருந்தால், திரவத்தின் விலையைப் பேசும் முன்பு, நீங்கள் பை மாற்றும் விதத்தை நர்ஸ் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.