சிட்-இன்சைட் டூரிங் கயாக்: சுமையேற்றிப் பல பருவம் ஓட்டியபின் தெரிவது

கயாக் வாங்கப் போகிறவரின் கண் முதலில் நீளத்துக்குப் போகும், அடுத்து நிறத்துக்கு. நாலைந்து பருவம் கூடாரமும் தண்ணீரும் ஏற்றி ஓட்டிய ஒருவரிடம் கேட்டால் இரண்டைப் பற்றியும் பேச மாட்டார். ஹேட்ச் (மேல்தளத்தில் உள்ள சாமான் அறையின் வாய்) மூடி கசிந்து படுக்கைப்பை நனைந்தது, கூழாங்கல் சிக்கி ஸ்கெக் (வாலடியில் ஏற்றி இறக்கும் தகடு) இறங்கவில்லை, ஒரு மணி நேரத்தில் கால் மரத்துப்போகிறது, பொழுது சாயும்போது 28 கிலோவைக் காரின் மேல் தூக்க முடியவில்லை என்றுதான் அடுக்குவார். இந்தப் பகிர்வும் அந்த வரிசையில்தான் போகிறது. பேசுவது ஒருவர் ஓட்டும் 14 முதல் 16 அடி நீள, 22 முதல் 24 அங்குல அகல, உள்ளே அமர்ந்து நெடும்பயணம் போகும் கயாக்குகளைப் பற்றி. உட்காரும் இடத்துக்கு முன்னும் பின்னும் தடுப்புச் சுவரும் ஹேட்ச்சும் உள்ளவற்றைப் பற்றி.

முதலில் ஒரு கூட்டல் கணக்கு. ஓட்டுபவர் 75 கிலோ. உடுப்பு, மிதவை அங்கி, ஸ்கர்ட் (உட்காரும் குழியின் வாயை மூடும் உறை), பம்ப் எல்லாம் 5. கூடாரம், படுக்கை, அடுப்பு, பாத்திரம் 15. நான்கு நாள் உணவு நாளுக்கு ஒரு கிலோ வீதம் 4. குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 4 லிட்டர் தண்ணீர், வழியில் நிரப்ப இடமில்லையென்றால் 16. மொத்தம் 115 கிலோ. தயாரிப்பாளர் எழுதும் உச்சச் சுமை என்பது படகு மிதக்கும் எல்லை. ஒழுங்காக ஓடும் எல்லை இல்லை. அந்த எண்ணில் 70 சதவீதத்தைத் தாண்டினால் மேல்தளம் நீர்மட்டத்துக்கு நெருங்கிவிடும், சிற்றலைகூட மடியில் ஏறும், திருப்பினால் மரக்கட்டை மாதிரி நகரும். 115 கிலோவுக்கு 165 கிலோ என்று எழுதியிருக்கும் படகாவது வேண்டும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பெரிய படகை வாங்கிவிடவும் கூடாது. 40 கிலோ மூட்டைக்காக வடித்த படகு வெறுமையாகப் போகும் நாளில் தக்கை மாதிரி நீரின்மேல் உட்காரும். காற்று அதை இழுத்த இழுப்புக்குத் தள்ளும். ஆண்டில் ஐந்தாறு இரவுதான் முகாம், மற்ற நாளெல்லாம் காலையில் போய் மாலையில் திரும்புவது என்றால் 14 அடிப் படகும் சுருக்கமான மூட்டையும் நல்ல ஜோடி. பெரிய படகே கையில் இருந்தால் வெறும் நாளில் இருக்கைக்குப் பின்னால் 10 லிட்டர் தண்ணீர்ப் பையை நகராதபடி கட்டிவைத்தால் போதும், படகு அடங்கிவிடும்.

நீளமானது வேகமானது என்ற பேச்சில் பாதிதான் உண்மை. படகின் உச்ச வேகத்துக்கான பழைய வாய்பாடு, நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்குவது. விடை நாட் என்ற கடல் வேக அலகில் வரும். 13 அடிக்கு 4.8 நாட், 16 அடிக்கு 5.4. மூட்டையோடு நாள் முழுக்கத் துடுப்புப் போடும் ஒருவரின் வேகம் 3 நாட், அதாவது மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் சுற்றித்தான் இருக்கும். அந்த வேகத்தில் எதிர்ப்பதில் பெரும்பங்கு ஈரமான பரப்பின் உராய்வு. நீளப் படகுக்கு அந்தப் பரப்பு கூடுதல். நீளம் கைகொடுப்பது வேகமாக ஓட்டும்போதும், நேராகப் போவதிலும், அலைமேல் தடதடக்காமல் செல்வதிலும். வளைந்து வளைந்து போகும் ஆற்றில் அதுவே தொல்லை.

இனி ஹேட்ச்சும் தடுப்புச் சுவரும். டூரிங் கயாக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. விளம்பரத்தில் ஒரு வரி தாண்டாது. ரோட்டோமோல்டு (சுழலும் அச்சில் உருக்கி வார்த்த) பாலிஎதிலீன் பிளாஸ்டிக் படகுகள் பலவற்றில் தடுப்பு என்பது தடித்த நுரைப் பலகை, சுற்றிலும் சீலன்ட் (கசிவடைக்கும் பசை). வெயிலில் படகின் உடல் விரியும், குளிர்நீரில் சுருங்கும். நுரை அதே அளவில் அசையாது. போதாக்குறைக்கு பாலிஎதிலீனில் எந்தப் பசையும் நிலையாக ஒட்டுவதில்லை. ஓரிரு ஆண்டில் அடிப்பக்க மூலையில் மயிரிழை வாய் பிளக்கும். பிளாஸ்டிக் தடுப்பை உடலோடு உருக்கி ஒட்டிய படகில் இந்த வேலை வெகுவாகக் குறையும். ஒரே விலையில் இரண்டு படகு நின்றால் உருக்கி ஒட்டியதை எடுங்கள்.

சோதிப்பது எளிது. படகைப் புல்தரையில் சமமாக வைத்து காக்பிட்டில் (உட்காரும் குழியில்) ஒரு சாண் உயரம் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். ஹேட்ச்சைத் திறந்து காய்ந்த துணியால் தடுப்பின் அடியைத் துடைத்துப் பாருங்கள்; துணி ஈரமானால் கசிவு. சரிசெய்ய, பழைய சீலன்ட்டை முழுக்க உரித்தெடுத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புது சீலன்ட்டை விரல் தடிமனுக்குச் சுற்றி இழுத்து இரண்டு நாள் தொடாமல் விட வேண்டும். சாதாரண சிலிக்கோன் வேண்டாம். பாலிஎதிலீனிலிருந்து தோல் மாதிரி உரிந்து வந்துவிடும், பிறகு அந்த இடத்தில் வேறெதுவும் பிடிக்காது.

மூடிகளில் இரண்டு வகை. ஒரே ரப்பராக விளிம்பில் கவ்வும் மூடி நீர் புகாமையில் முன்னணி. அதன் எதிரி வெயில். வெடிப்பு முதலில் மடிப்பில் தெரியும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சைப் பருவத்துக்கு மூன்று நான்கு முறை தடவிவந்தால் பல ஆண்டு உழைக்கும். பெட்ரோலிய எண்ணெய் தடவினால் ரப்பர் ஊறிக் கெடும். கெட்டியான மேல்மூடி, உள்ளே நியோப்ரீன் ரப்பர் உறை, மேலே வார் என்ற வகை சுலபமாகத் திறக்கும். ஆனால் வார் தளர்ந்ததை யாரும் கவனிப்பதில்லை. எந்த வகையானாலும் மூடியைப் படகோடு கயிற்றில் கட்டிவையுங்கள். தொலைந்த மூடிக்கு மாற்று அதே அளவில் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

நண்பகல் வெயிலில் மூடி பலூன் மாதிரி உப்புவதையும், குளிர்ந்தபின் திறக்கவே வராமல் இறுகுவதையும் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். உள்ளே அடைபட்ட காற்றின் வேலைதான் அது. தடுப்பின் மேல்பகுதியில் இரண்டு மில்லிமீட்டர் துளை ஒன்றிருந்தால் அழுத்தம் சமப்படும். சில படகுகளில் ஆலையிலேயே போட்டிருப்பார்கள். கசிவு என்று நினைத்து அதை அடைத்துவிடாதீர்கள்.

வாங்கும் முன் ஹேட்ச் வாயை அளந்தாக வேண்டும். 24 செ.மீ. வட்ட ஹேட்ச்சில் பெரிய சமையல் பாத்திரம் இறங்காது. நீள்வட்ட ஹேட்ச்சில் அந்தத் தலைவலி இல்லை. பின்னறையின் நடுவே ஸ்கெக் பெட்டி சுவர்போல நிற்கும், இடம் இரண்டு ஒடுங்கிய சந்தாகிவிடும். கூடாரக் கம்பியை அதன் பையிலிருந்து பிரித்து இந்தச் சந்தில் செருகலாம்; மடித்த கம்பி 50 செ.மீ.க்கு மேல் போனால் பல படகுகளில் வாயிலேயே மாட்டும். முடிந்தால் காலி டிரை பேக்குகளை (நீர் புகாத பைகளை) கொண்டுபோய் துணி அடைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 40 லிட்டர் பை ஒன்றைவிட 10 லிட்டர் பைகள் நான்கு எப்போதும் நன்றாக அடங்கும்.

காற்றுக்கு வருவோம். பக்கக் காற்றில் கயாக்கின் மூக்கு காற்றை நோக்கித் தானாகத் திரும்பும். முன்னே செல்லும்போது மூக்கை நீர் இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிறது, வாலுக்கு அந்தப் பிடி இல்லை; காற்று வாலைத் தள்ளிவிடுகிறது. இது எல்லாப் படகுக்கும் ஓரளவு உண்டு. ஸ்கெக் என்பது வாலுக்கு ஒரு பிடி கொடுப்பது, அவ்வளவே. முழுக்கத் தூக்கினால் மூக்கு காற்றுக்குள் போகும், முழுக்க இறக்கினால் காற்றுக்கு விலகும், இடையில் எங்கோ நேராக ஓடும். அந்த இடத்தைத் தேடி நிறுத்தத்தான் ஸ்லைடர் என்ற தள்ளுபிடி. அதனால் பாதியில் நிற்காமல் முழு ஏற்றம், முழு இறக்கம் மட்டும் தரும் ஸ்கெக் உள்ள படகைத் தவிர்ப்பது நல்லது.

ஸ்கெக்குக்கு நோய் இரண்டு. கூழாங்கல் கரையில் வால்பக்கம் தரையில் உரசி இறங்கினால் பெட்டிக்குள் கல் சிக்கும். ஸ்கெக்கின் கீழ்மூலையில் 3 மி.மீ. துளையிட்டு விரல் நீளக் கயிறு கட்டிவைத்தால், பக்கத்துப் படகிலிருப்பவர் இழுத்து விடுவிக்கலாம். மற்றது ஸ்லைடரையும் ஸ்கெக்கையும் இணைக்கும் கம்பி மடங்குவது. ஸ்கெக் சிக்கியிருக்கும்போது ஸ்லைடரைப் பலமாகத் தள்ளினால் கம்பி நெளியும், நெளிந்த கம்பி நிமிராது. இறங்கவில்லையென்றால் தள்ளுவதை நிறுத்திவிட்டு ஏன் என்று பாருங்கள்.

சுக்கான் வைத்த படகு மூட்டையோடும், பின்பக்கத்திலிருந்து அலை வரும்போதும் உடலுக்கு இதம். குறை அதைக் காலால் திருப்பும் பெடலில்: பழைய வகையில் பெடல் முழுவதும் முன்பின் சறுக்கும், கால் ஊன்ற இடமே இருக்காது. கீழ்ப்பகுதி அசையாமல் மேல்விரல் பகுதி மட்டும் சாயும் பெடலாகக் கேளுங்கள். சுக்கான் கம்பி அறுவது பெரும்பாலும் நுனியிலுள்ள முடிச்சருகே. இழை பிரிந்திருக்கிறதா என்று பயணத்துக்கு முன் விரலால் தடவினால் தெரிந்துவிடும்.

காற்றில் படகு அடங்கவில்லை என்று ஸ்கெக்கைத் திட்டுவதற்கு முன் மூட்டையைப் பாருங்கள். மூக்கில் கனம் கூடினால் காற்றை நோக்கித் திரும்புவது அதிகமாகும். தண்ணீர், டின் உணவு இரண்டும் இருக்கைக்குப் பின்னால், தடுப்பை ஒட்டி, அடித்தளத்தின் நடுக்கோட்டில். படுக்கைப்பை, உடுப்பு போன்ற லேசானவை இரு முனைகளில். முனைக்குப் போகும் பையில் கயிறு கட்டிவிட்டால் வெளியே இழுக்கக் கைக்கு எட்டும். படகு சமமாக, அல்லது வால் ஒரு விரல் தாழ்ந்து மிதக்க வேண்டும். தண்ணீர் செலவாகச் செலவாக அந்தச் சமநிலை மாறும். மூன்றாம் நாள் காலை மறுபடி பார்த்து அடுக்குங்கள்.

உடலுக்குப் பொருந்துகிறதா என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாது. அரை மணி உட்காருங்கள். கிரீன்லாந்தின் பழைய வழக்கத்தில் படகின் நீளம் ஓட்டுபவர் விரித்த இரு கை அளவைப் போல மூன்று மடங்கு, அகலம் இடுப்போடு இரண்டு கைமுட்டி என்பார்கள். படகைச் சட்டைபோல் தைத்திருக்கிறார்கள். ஆலைப் படகில் அந்த வசதி இல்லாததால் பஞ்சு வைத்து நாமே தைத்துக்கொள்ள வேண்டியதுதான். பாதம், தொடை, இடுப்பு, அடிமுதுகு என நான்கு இடமும் தொட வேண்டும், இறுக்கக் கூடாது. கால் மரத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் இருக்கையின் முன்விளிம்பு தொடையைத் தாங்காமல் விடுவது. தொடைக்கடியில் சுருட்டிய நுரையோ அரைகுறையாக ஊதிய பையோ வைத்தால் தீரும். முதுகுச்சாய்வு காக்பிட் விளிம்பைவிட உயர்ந்திருந்தால் ஸ்கர்ட் சரியாக மாட்டாது, கவிழ்ந்தபின் பின்பக்கமாக ஏறவும் இடைஞ்சல். இருக்கையைத் தடித்த மெத்தையால் உயர்த்தாதீர்கள். இரண்டு செ.மீ. உயர்ந்தாலே படகின் ஆட்டம் மாறும்.

ஆட்டம் என்றதும் புதியவர்கள் அகலப் படகைத் தேடுகிறார்கள். தட்டையான அகலப் படகு குளத்தில் மேசை மாதிரி நிற்கும்; அலை சாயும்போது அதோடு சேர்ந்து அதுவும் சாயும். சற்று வட்டமான 22 அங்குலப் படகு முதல் நாள் நடுங்கவைக்கும், சாய்த்துப் பிடித்தால் ஓரிடத்தில் உறுதியாக நிற்கும். மூட்டை ஏறியதும் அந்த நடுக்கமும் குறையும். ஆகவே காலிப் படகில் பத்து நிமிடம் ஓட்டித் தீர்ப்பு எழுத வேண்டாம்.

முன்தடுப்பு இல்லாத படகில் முகாம் பயணம் போகவே கூடாது. கவிழ்ந்தால் மூக்கு வரை நீர் நிரம்பும். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கு நீங்களே போடலாம். இரண்டு தடுப்பும் நன்றாக இருந்தால் நிரம்புவது காக்பிட் மட்டும், கைப்பம்பால் சில நிமிடத்தில் இறைத்துவிடலாம். துடுப்பு மிதவையை (துடுப்பு நுனியில் மாட்டும் மிதவையை) வைத்து, கவிழ்ந்த படகில் ஏறும் பயிற்சியை மூட்டையோடு செய்து பாருங்கள். மூட்டை ஏறிய படகை நிமிர்த்துவது காலிப் படகை நிமிர்த்துவது போல அல்ல.

பொருளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாறைக்கரை, இழுத்து ஏற்றுதல், கவனக்குறைவு மூன்றுக்கும் பாலிஎதிலீன். 15 அடிக்கு 25 முதல் 28 கிலோ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகட்டை வெப்பத்தில் வார்த்த படகு சில கிலோ லேசு, கடும் குளிரில் பலத்த அடி வாங்கினால் வெடிக்கலாம். கண்ணாடியிழை விறைப்பானது, கீறினால் கண்ணாடியிழைத் துணியும் எபாக்சிப் பசையும் வைத்து வீட்டிலேயே ஒட்டலாம், விலை கூட. தோள் வலி உள்ளவர்கள் எடையை முதல் கேள்வியாக வைக்கட்டும். மூட்டையோடு படகை முனைக் கைப்பிடியில் தூக்குவது எந்தப் பொருளுக்கும் ஆகாது. அடியில் இரண்டு பட்டை கொடுத்து நாலு பேர் தூக்க வேண்டும்.

பழைய படகு தாராளமாக வாங்கலாம். வாலிலிருந்து ஒற்றைக் கண்ணால் அடிக்கோட்டைப் பாருங்கள், வாழைப்பழ வளைவு இருந்தால் விட்டுவிடுங்கள். நிறம் வெளுத்து விரலில் சுண்ணாம்பு போல ஒட்டினால் வெயில் பிளாஸ்டிக்கைத் தின்றிருக்கிறது. வாலின் அடியில் இழுத்து இழுத்துத் தேய்ந்து மெலிந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். இருக்கைப் போல்ட்டுகளைச் சுற்றி விரிசல் தேடுங்கள். காரின் மேல் வாரை இறுக்கியதால் வந்த சிறு பள்ளம் மட்டும் பயப்பட வேண்டியதல்ல. வெயிலில் வைத்து உள்ளிருந்து அழுத்தினால் பெரும்பாலும் மீளும்.

உப்புநீரில் ஓட்டிய நாளில் பெடல் தண்டவாளம், ஸ்கெக் பெட்டி, வார்க் கொக்கிகளை நன்னீரில் கழுவ வேண்டும். மேல்தள எலாஸ்டிக் தொய்ந்ததும் மாற்றிவிடுங்கள். படகை முனைக் கைப்பிடிகளில் தொங்கவிடாமல், தடுப்புகள் இருக்கும் இடத்துக்கு நேரே இரண்டு பட்டையில் தாங்கி நிழலில் வையுங்கள். மூடிகளைக் கழற்றித் தனியே எடுத்து வைத்துவிட்டு, எலியும் பூச்சியும் புகாதபடி ஹேட்ச் வாயில் வலைத்துணி கட்டிவிட்டால் போதும். உள்ளே பூசணமும் பிடிக்காது, ரப்பரும் இழுபட்டுத் தளராது.