பிரித்து வரும் மூன்று டிராயர் அலமாரி: சாமான் சரி, தாள்தான் சரியில்லை

அட்டைப்பெட்டியில் பலகைகளாக வந்து, வீட்டில் பூட்டிக்கொள்ள வேண்டிய அலமாரி இது. 16 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு, பின்னால் 3 மி.மீ. ஹார்ட்போர்டு, 8 மி.மீ. மர முளைகள், பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் 15 மி.மீ. வட்டப் பூட்டுகளான கேம் லாக்குகள். துளைகள் எல்லாம் பிசகில்லாமல் போடப்பட்டிருக்கின்றன. குறை முழுவதும் கூட வரும் வழிகாட்டித் தாளில்தான். ஒரு வரி எழுத்துகூடக் கிடையாது, எல்லாமே படம். அந்தப் படங்களும் முக்கியமான இடங்களில் கண்ணைச் சோதிக்கின்றன.

கேம் லாக்குக்குள் நுழையும் திருகான கேம் போல்ட்டை, அதன் கழுத்துப் பட்டை பலகையைத் தொடும்வரை திருக வேண்டும். குறைவாகத் திருகினால் தலை அதிகம் நீட்டிக்கொண்டு நிற்கும். கூடினால் உள்ளே புதைந்துவிடும். இரண்டிலும் லாக் எதையும் பிடிக்காமல் சும்மா சுற்றும். லாக்கின் முகத்தில் ஒரு சின்ன அம்புக்குறி உண்டு. போல்ட் நுழையும் விளிம்பைப் பார்த்தே அது இருக்க வேண்டும். தாளில் அந்த அம்பு கடுகளவு. போல்ட் உள்ளே போனதும் வலப்பக்கமாக ஏறக்குறைய அரைச் சுற்று. இறுக்கம் தெரிந்தவுடன் கையை எடுத்துவிடுங்கள். மேலும் முறுக்கினால் போர்டு உள்ளுக்குள் பொடிந்து, அந்த இடத்தில் அப்புறம் எதுவும் நிற்காது. ஆகவே பவர் ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம்.

பலகைகளில் பட்டை ஒட்டிய விளிம்பு முன்பக்கம், ஒட்டாதது பின்பக்கம். ஒரே அளவில் இரண்டு பலகைகள் இருந்தால் துளைகளை எண்ணிப் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் சிக்கிக்கொள்வது டிராயர் சேனலில், அதாவது டிராயர் ஓடும் தகட்டுத் தடத்தில். ஒரு டிராயருக்கான நான்கு துண்டுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தகட்டில் பொறித்த எழுத்தைத் தேடுங்கள்: சி.எல்., சி.ஆர். என்றால் அலமாரியின் இடமும் வலமும், டி.எல்., டி.ஆர். என்றால் டிராயருக்கு. எழுத்து தேய்ந்திருந்தால் உருளையைப் பாருங்கள். அலமாரிச் சேனலில் உருளை முன்வாயில் வரும், டிராயர் சேனலில் பின்கோடியில் வரும். மாற்றிப் பூட்டினால் டிராயர் உள்ளேயே போகாது. இந்த விஷயத்தைத் தாள் ஒரே படத்தில், விளக்கமில்லாமல் கடந்துவிடுகிறது. பெரிய குறை இது.

பின்பலகையை அவசரமாக அடிக்காதீர்கள். அலமாரி சதுரமாக நிற்பதே அதன் தயவில்தான். கூட்டைச் சமதரையில் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். எது நீளமோ அந்த மூலைகளை உள்நோக்கித் தள்ளி, இரண்டும் சமமான பிறகு ஆணி அடியுங்கள். 5 மி.மீ. கோணல் இருந்தால்கூட டிராயர் முகப்புகளுக்கு இடையே உள்ள சந்து சாய்வாகத் தெரியும். ஆணி, பலகை விளிம்பின் நடுவில், நேராக இறங்க வேண்டும். சாய்ந்தால் பக்கப்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

சுவரோடு கட்டும் பட்டையைக் கடைசிப் பக்கத்தின் மூலையில் காட்டியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் வந்திருக்க வேண்டியது அது. டிராயர்கள் எல்லாம் திறந்திருக்கும்போது எடை முன்பக்கம் போய்விடும்; ஒரு குழந்தை பிடித்து ஏறினால் போதும், அலமாரி அதன் மேலேயே கவிழ்ந்துவிடும். சுவருக்குப் பொருத்தமான பிளக்கும் ஸ்க்ரூவும் பெட்டியில் இல்லை, முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.