2,340 டாலர் போச்சு: ஜீப்புக்கு ஆக்ஸில் கியர் மாற்றப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்னும் கை நடுங்குகிறது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2,340 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு லட்சம். கார்டில் கூட இல்லை, எண்ணிக் கையில் கொடுத்தேன்.

கொலராடோ மாநிலத்தில் டென்வர் பக்கம் இருக்கிறேன். 2014 ஜீப் ரேங்லர், நாலு கதவு, ஆட்டோமேட்டிக். போன வருடம் வண்டியின் உயரத்தை இரண்டரை இஞ்ச் தூக்கி, 32 இஞ்ச் டயரைக் கழற்றிவிட்டு 35 போட்டேன். பார்க்க யானை மாதிரி நின்றது, ஓட்ட எருமை மாதிரி இருந்தது. இந்த வண்டி கம்பெனியிலிருந்து வரும்போதே ஆக்ஸிலில் 3.21 கியர் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ்ஷாஃப்ட், அதாவது என்ஜின் சக்தியை ஆக்ஸிலுக்குக் கொண்டுவரும் தண்டு, 3.21 சுற்று சுற்ற வேண்டும்; இந்த ரேஷியோ எண் குறைந்தால் இழுவை குறையும்), மைலேஜுக்காகப் போட்டது. அதன் மேல் 35 டயர் ஏற்றினால் 2.93 போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. ஐ-70 நெடுஞ்சாலையில் ஜார்ஜ்டவுன் தாண்டி மலை ஏறும்போது லாரிக்காரர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே. காற்றே குறைவு, என்ஜினுக்கும் மூச்சு வாங்கும். ஐந்தாவது கியர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோச்சு.

சரி, கிரவுன்-பினியனை (ஆக்ஸிலுக்குள் இந்த ரேஷியோவைத் தீர்மானிக்கும் பெரிய, சின்ன பல்சக்கர ஜோடி) மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பழைய ரேஷியோவை புது டயர் அளவால் பெருக்கி, பழைய அளவால் வகுத்தால் 3.51 வருகிறது. ஆனால் அது பழைய சோம்பேறித்தனத்தைத்தான் திருப்பித் தரும். ரேங்லரிலேயே கரடுமுரடான பாதைக்கென்று வரும் மாடல் ரூபிகான்; என் வண்டி காலத்து ரூபிகானில் 32 டயருக்கு 4.10 கொடுத்தார்கள். 35-க்கு அதே இழுவை வேண்டுமென்றால் 4.48. ஆக 4.56 போட்டால் ரூபிகான் மாதிரி, 4.88 போட்டால் மலைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். நான் வாரம் தவறாமல் மலை ஏறுகிறவன். 4.88 என்று முடிவு பண்ணினேன். இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஒன்றும் தெரியாமல் போய் ஏமாறவில்லை. எக்ஸெல் ஷீட் போட்டுக்கொண்டு போய்த்தான் ஏமாந்தேன்.

கடை பெயர் சொல்லப்போவதில்லை. 4x4 வண்டிகளுக்கு மட்டும் வேலை பார்க்கும் சின்ன கடை, சுவர் முழுக்க சேற்றில் நிற்கும் ஜீப் படங்கள். உள்ளே போனதும் கவுண்டரில் இருந்தவன் காபி கொடுத்தான். வார்த்தைக்கு வார்த்தை "பட்டி, பட்டி" என்றான், இங்கிலீஷில் நண்பா என்று அர்த்தம். (கூட வந்த மலையாளி நண்பன் அப்போதே காதில் சொன்னான், "எங்க ஊர்ல பட்டின்னா நாய்டா." அன்றைக்குச் சிரித்தேன்.) என் ஷீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தெளிவா கேட்டுக்கிட்டு வர்ற கஸ்டமரைப் பார்த்ததே இல்ல" என்றான். அங்கேயே விழுந்துவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு அட்டைப்பெட்டி எடுத்துவந்து மேஜையில் வைத்தான். மேலே 4.88 என்று ஸ்டிக்கர். பெட்டியை இரண்டு தட்டு தட்டி, "இது உன்னோடது" என்றான். திறந்து பார்க்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று மூன்று வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மொத்தம் 2,480. "கேஷா கொடுத்தா 140 குறைச்சுக்கறேன்." பக்கத்திலேயே ஏடிஎம். 2,340 டாலர், முன்பணமாகவே முழுசும். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இதுல அந்த 4.88 எங்கங்க இருக்கு?" பில்லில் "கியர் வேலை, முன் பின்" என்று மட்டும் இருந்தது. "அவங்களுக்குத் தெரியும்" என்று சொன்னேன்.

வண்டியை எடுத்த அன்று சந்தோஷம்தான், மறுக்கவில்லை. சிக்னலில் துள்ளிக் கிளம்பியது. முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் (ஆக்ஸில் நடுவே கிரவுன்-பினியன் இருக்கும் பகுதி) மூடிக்குப் புதுசாக சிவப்புப் பெயிண்ட், ஓரத்தில் புது சீலன்ட் பிதுங்கி நின்றது. படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன்.

ஹைவேயில்தான் உறுத்தியது. 65 மைல் வேகத்தில் ஐந்தாவது கியரில் என் கணக்குப்படி 2,500 ஆர்பிஎம் காட்ட வேண்டும். 2,100-ஐத் தாண்டவில்லை. போன் செய்தேன். "35 டயர்னு எழுதியிருக்கும், அளந்தா 34½தான் இருக்கும், அதான் குறையுது" என்றான். யோசித்துப் பாருங்கள், டயர் சின்னதாக இருந்தால் அதே வேகத்துக்கு என்ஜின் அதிகமாகத்தானே சுற்ற வேண்டும்? நேர் எதிராகச் சொல்கிறான். அதைச் சொன்னதும், "உயரம் ஜாஸ்தி இல்லையா பட்டி" என்றான். உயரத்தால் பவர் குறையும். பல் எண்ணிக்கை குறையுமா? அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை.

நேற்று சாயங்காலம் நண்பனை வரச்சொல்லி நாங்களே எண்ணிப் பார்த்தோம். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினோம். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, டிரைவ்ஷாஃப்டில் ஒரு கோடு. ஒரு சக்கரம் மட்டும் சுற்றும்போது அதை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. நான் டயரை உருட்ட, அவன் கீழே படுத்து எண்ணினான். 4.88 என்றால் ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் நிற்க வேண்டும். "நாலு... நாலும் கொஞ்சம்" என்றான். மறுபடி சுற்றினேன். நாலும் கொஞ்சம்தான். 4.10.

முன்பக்கம் சுற்றியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. "மூணும் கொஞ்சம்டா." மூன்று தடவை சுற்றினோம். 3.21. முன் ஆக்ஸில் கியரைத் தொடவே இல்லை! மூடியைக் கழற்றி, ஆயிலை மாற்றி, பெயிண்ட் அடித்து மூடியிருக்கிறான்.

இது வெறும் பண ஏமாற்று இல்லை, புரிந்துகொள்ளுங்கள். ஃபோர் வீலில் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன் பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். பின் ஆக்ஸில் ஒரு சக்கரச் சுற்றுக்கு 4.10 கேட்கும், முன் ஆக்ஸில் 3.21 கேட்கும். காய்ந்த ரோட்டில் ஏதாவது ஒன்று உடைந்தே தீரும். பனியில் உடையாது, வழுக்கும். லவ்லேண்ட் பாஸ் மலைப்பாதை வளைவில் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. இன்னும் பனி விழவில்லை, அதனால் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலை வேறொரு மெக்கானிக்கிடம் பின்பக்க மூடியைத் திறந்து காட்டினேன். கிரவுன் ஓரத்தில் 41-10 என்று அச்சு. 41 பல்லுக்கு 10 பல், அதாவது 4.10. நான் கேட்டதில் 39-8 இருந்திருக்க வேண்டும். பல்லெல்லாம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. யாரோ ரூபிகானிலிருந்து கழற்றிப்போட்டதாக இருக்கும் என்றார். ஆக பழைய இரும்புக்கும் ஒரு டப்பா பெயிண்டுக்கும் 2,340 டாலர்.

அங்கிருந்து நேராக அந்தக் கடைக்குப் போனேன். கவுண்டரில் புது ஆள். காபி கிடையாது. "உங்க வேலையைப் பார்த்தவர் இப்ப இங்க இல்ல." யார் பொறுப்பு என்றால், "மேனேஜர் போன் பண்ணுவார்." பில்லை நீட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டுச் சொல்கிறான்: "கியர் வேலை, முன் பின்னுதானே போட்டிருக்கு? முன்னாடி ஆயில் மாத்தியிருக்காங்களே, அதுவும் கியர் வேலைதான்." 4.88 எங்கே என்றேன். "4.88-ன்னு எங்க எழுதியிருக்கு?" அப்படியே என் மனைவியின் கேள்வி! மாட்டிய பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாது என்று ஒரு போர்டைக் காட்டினான். கேஷ் கொடுத்ததால் கார்டு கம்பெனியிடமும் போய் அழ முடியாது.

கொலராடோவில் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் (சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட்) 7,500 டாலர் வரை கேட்கலாம். வக்கீல் வேண்டாம். திங்கட்கிழமை போகிறேன்.

எப்படி ரேஷியோ தேர்ந்தெடுப்பது, எந்த டயருக்கு எது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது மனசு இல்லை. இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ரேஷியோ எண்ணை, முன்னுக்குத் தனியாகப் பின்னுக்குத் தனியாக, புதுசா பழசா என்பதோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள். பழைய கிரவுன்-பினியன் இரண்டு செட்டையும் கையில் வாங்குங்கள், தரமாட்டேன் என்றால் கழற்றவே இல்லை என்று அர்த்தம். கேஷ் வேண்டாம். சாக்பீஸை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய் அவன் லிஃப்டிலேயே எண்ணிப் பாருங்கள், பத்து நிமிஷ வேலை. எண்ணாமல் ஃபோர் வீல் போடாதீர்கள்.

இரண்டு ஆக்ஸிலையும் சரிசெய்ய அந்த மெக்கானிக் இன்னொரு 2,100 கேட்கிறார், வியாழக்கிழமைதான் இடம் இருக்கிறதாம். அதுவரைக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரைச் சுற்றி கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், மறந்துபோய்க்கூட யாரும் இழுத்துவிடக் கூடாதென்று.